சப்டைட்டில் விழுங்கிய 'பாபா'

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மேலூரிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜூலையில் நடக்கும் திரைப்பட விழாவுக்குப் போய், பார்த்த படங்களைப் பற்றித் தமிழில் எழுத ஆசை. இங்கே பலரும் பேசுகிற ஸுலு மொழி தெரியாது. ஆங்கில சப்டைட்டிலை நம்பி விமர்சனம் எழுதினால் எடுபடுமா, எந்தப் படத்தில் தொடங்குவது, இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியை வைத்து எடுத்த நகைச்சுவைப் படங்களையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமா? இவைதானே கேள்விகள்?

எடுபடும். ஆனால் சப்டைட்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிப் படம் கைநழுவிப் போகும். அந்தப் பாதியைப் பிடிப்பதில் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடத் தமிழில் எழுதுகிற உங்களுக்கு வசதி அதிகம். இது எனக்கு ஒரு குட்டு வாங்கிய பிறகுதான் புரிந்தது. அதையே முதலில் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாணவர் ஒருவர் எடுத்த குறும்படம் ஒன்றைப் பார்த்தேன். கதை இவ்வளவுதான். அதிகாரி ஒருவர், ஒரு கிழவரின் தகரக் குடிசையைப் பிரிக்க ஆட்களோடு வருகிறார். வாசலில் நின்று பேசுகிறார். கிழவர் கதவை விட்டு நகரவில்லை. அதிகாரி திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். கடைசியில் ஆட்கள் தகரத்தில் கை வைக்கிறார்கள். சப்டைட்டிலில் நான்கு முறையும் ஏறக்குறைய ஒரே வரிதான்: நீங்கள் வெளியேற வேண்டும். நான் அன்றிரவே எழுதினேன். 'காட்சியில் திருப்பமே இல்லை, ஒரே வசனத்தை நான்கு முறை சொல்ல வைத்து நேரத்தை வீணடித்திருக்கிறார்' என்று கொஞ்சம் மிதப்பாகவே எழுதினேன்.

மறுநாள் அலுவலகத்தில், என்னோடு படம் பார்க்க வந்திருந்த ஸுலுத் தோழி கேட்டாள்: "நான்காவது முறை அரங்கமே மூச்சை இழுத்ததே, உனக்குக் கேட்கவில்லையா?" கேட்டது. ஏனென்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்த அதிகாரி முதல் மூன்று முறையும் 'பாபா' என்று கூப்பிட்டுவிட்டுத்தான் பேசினாராம். பாபா என்றால் அப்பா. வயதில் மூத்த எந்த ஆணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான்காவது முறை பாபா இல்லை. மொட்டையாகச் சொல்லிவிட்டார். குடிசை அந்த இடத்திலேயே இடிந்துவிட்டது, தகரத்தைப் பிரித்ததெல்லாம் அப்புறம்தான். நம் ஊரில் ஒரு தாசில்தார் மூன்று முறை 'ஐயா, பெரியவரே' என்று சொல்லிவிட்டு நான்காவது முறை 'யோவ், எந்திரி' என்றால் நமக்கு விளக்கம் வேண்டுமா? சப்டைட்டில் எழுதியவருக்கு ஆங்கிலத்தில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார். நான் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அதனால் ஸுலு முழுதும் கற்றுக்கொள்ள நேரம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் சொற்களைக் காதுக்குப் பழக்குங்கள். பாபாவைச் சொன்னேன். 'மாமா' என்றால் அம்மா. முதல் ஒரு மாதம் உங்களுக்கு இது குழப்பும். கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து 'மாமா' என்றபோது நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தேன். கோகோ பாட்டி, ம்குலு தாத்தா, பூட்டி அண்ணன், சிசி அக்கா. இதையெல்லாம் சொந்தக்காரருக்கு மட்டும் சொல்வதில்லை, தெருவில் போகிற யாருக்கும் சொல்வார்கள், நம்மைப் போலவே.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அம்மாவின் அக்கா 'மம்குலு', அதாவது பெரிய அம்மா. அம்மாவின் தங்கை 'மம்ன்சானே', சின்னம்மா. அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா, சொல்லுக்குச் சொல் அப்படியே. தாய்மாமனுக்கு 'மலுமே' என்று தனிச் சொல், அத்தைக்கும் தனிச் சொல். சப்டைட்டிலில் அத்தனை பேரும் அங்கிள், ஆன்ட்டி. ஒரு கல்யாணக் காட்சியில் மலுமே எழுந்து பேசும்போது, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ஏதோ ஒரு மாமா பேசுகிறார் என்றுதான் தெரியும். உங்களுக்குத் தாய்மாமன் சீர் தெரியும். அவர் ஏன் அப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார் என்பதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

நீ, நீங்கள் விஷயமும் உண்டு. 'உஞ்சானி' என்றால் எப்படி இருக்கிறாய். 'நிஞ்சானி' என்றால் எப்படி இருக்கிறீர்கள். ஒருவரே நின்றாலும் மரியாதைக்குப் பன்மையில் கேட்பார்கள். காதலன் பெண்ணின் வீட்டுக்கு வந்து எதில் கேட்கிறான் என்று கவனியுங்கள். அப்புறம், 'ஹ்லோனிபா' என்றொரு வழக்கம். கல்யாணமான பெண் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டாள். பழைய முறைப்படி, அந்தப் பெயரில் வருகிற அசை வேறு சொற்களில் வந்தால்கூட அந்தச் சொல்லைத் தவிர்த்து வேறு சொல் போடுவாள். புருஷன் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளிய நம் பாட்டிகளைப் பார்த்த உங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமனார் முன்னால் தலையைக் குனிந்து நிற்கிற மருமகளை 'பயந்த சுபாவம்' என்று எழுதிவிடாதீர்கள்.

ஆஃப்ரிகான்ஸ் படங்களிலும் இதே கதைதான். மூத்த ஆண் யாராக இருந்தாலும் 'ஊம்', பெண்ணாக இருந்தால் 'டன்னி'. மாமா, அத்தை மாதிரி. 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட அந்த 'ஊம்' என்ற சொல்லையே திரும்பச் சொல்வார்கள். ஆக இந்த நாட்டின் படங்களில் ஆங்கிலம்தான் ஒட்டாத விருந்தாளி. ஆங்கில விமர்சனத்தைப் படித்துவிட்டு அதைத் தமிழாக்குவது, சோற்றைக் கழுவிவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி.

எங்கே தொடங்குவது என்றால், விழாவுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து 'யெஸ்டர்டே' பாருங்கள். 2004இல் வந்தது, டாரல் ரூட் இயக்கியது. முழு நீளத்தில் ஸுலு மொழியில் வந்த முதல் படம் என்பார்கள். ஆஸ்கரில் பிறமொழிப் படங்களுக்கான கடைசி ஐந்தில் இடம்பெற்றது. அடுத்த வருஷம் வந்த 'ட்சோட்சி' அந்த விருதை வாங்கியே விட்டது. ஆனாலும் நான் உங்களை அனுப்புவது யெஸ்டர்டேக்குத்தான். ஒரு தாய் தன் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு காய்ந்த நிலத்தின் நடுவே மண்பாதையில் நடக்கிறாள். மருத்துவ நிலையத்துக்குப் போகிறாள், பல மணி நேர நடை. போய்ச் சேர்ந்தால் வரிசை நீளம், இன்று முடிந்தது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவள் கணவன் ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்கத் தொழிலாளி. அவளுக்கு எய்ட்ஸ் கிருமி என்று தெரிகிறது, படம் அங்கிருந்து போகிறது. லெலெட்டி குமாலோ நடித்திருக்கிறார். அழவைக்கிற காட்சிகளில் அவர் அழுவதே குறைவு.

மேலூர்க்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அதே பக்கத்து நிலத்தில் எடுத்த படம் 'கூழாங்கல்'. பி. எஸ். வினோத்ராஜின் முதல் படம், 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அதிலும் நடைதான். அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள். ஒன்றில் கேமரா நடப்பவரின் பின்னாலேயே மூச்சுவாங்கிக்கொண்டு ஓடுகிறது, அப்பனின் கோபத்தோடு சேர்ந்து அதுவும் கோபப்படுகிறது. இன்னொன்றில் எட்ட நின்று, நிலம் எவ்வளவு பெரிது, இரண்டு பேர் எவ்வளவு சின்னது என்று காட்டுகிறது. எது சரி என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் யெஸ்டர்டேயில் அந்தத் தூரம் சில இடங்களில் அழகுபடுத்துகிற தூரமாகிவிடுகிறது, வறுமை அஞ்சலட்டை மாதிரி தெரிகிறது என்பது என் குறை. கூழாங்கல் பார்த்த பிறகுதான் அந்தக் குறை எனக்குப் பிடிபட்டது. இந்த ஒப்பீட்டை டர்பனில் உட்கார்ந்து எழுத உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

இப்போது அந்த சாட்ஸ்வொர்த் நகைச்சுவைப் படங்களுக்கு, அதாவது கந்தசாமிகளுக்கு வருகிறேன். நீங்கள் 'அதெல்லாம் டிவி நாடகம் மாதிரி இருக்கிறதே' என்று கேட்டிருந்தீர்கள். இருக்கட்டுமே. ஜெயன் மூட்லி என்ற பெண் இயக்குநர் 2017இல் 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' எடுத்தார். சாட்ஸ்வொர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டு இரண்டு அம்மாக்கள், ஒருவருக்கு ஒருவர் ஆகாது, பிள்ளைகள் காதலிக்கிறார்கள். அவ்வளவுதான். கூட்டம் குவிந்தது, 2019இல் கல்யாணப் பாகம் வந்தது, 2021இல் மூன்றாவது நெட்ஃபிளிக்ஸுக்கே போனது. பெயரைப் பார்த்துத் தமிழ்ப் படம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பேசுவது ஆங்கிலம். ஆனால் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆயாவில்தான் விஷயம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்தும் அப்புறம் வந்த கப்பல்களிலிருந்தும் கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், எள்ளுப்பேரப்பிள்ளைகள் இவர்கள். நாட்டின் அரசியல் சட்டம் ஆறாம் பிரிவில் தமிழைப் பெயர் சொல்லி, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் அநேகமாகப் போய்விட்டது. போகாமல் நிற்பவை ஆயா, தாத்தா, பெரிம்மா, அப்புறம் சில சாப்பாட்டுச் சொற்கள், கோயில் சொற்கள். ஒரு மொழி வீட்டை விட்டுப் போகும்போது முறைச்சொற்களைத்தான் கடைசியாக எடுத்துக்கொண்டு போகும்போல. கந்தசாமி படத்தில் அந்தச் சொற்கள் எங்கே விழுகின்றன, திட்டும்போதா, கொஞ்சும்போதா, எந்த வயதுக்காரர் வாயிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு பாருங்கள். படம் பெரிதாகிவிடும். என் கணக்கில் முதல் பாகம்தான் உருப்படி. சந்தும் சமையலறையும் இருக்கும்வரை அந்த அம்மாக்களின் சண்டைக்கு வேர் இருக்கிறது. மூன்றாவதில் விடுமுறைக்கு ஊரை விட்டுக் கிளம்பிப் போனதும் வேரும் கூடவே போய்விட்டது, நகைச்சுவை சத்தமாக மட்டும் மிஞ்சுகிறது. பின்னணி இசை, சிரிக்க வேண்டிய இடத்தையெல்லாம் விரல் நீட்டிக் காட்டுவது மூன்றிலும் எரிச்சல்.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஓர் ஆயா இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். சினிமாவை இன்னமும் பயாஸ்கோப் என்றுதான் சொல்வார். அது தமிழ்நாட்டுப் பழைய வழக்கு என்று நான் நினைத்தேன். இல்லை, இந்த நாட்டில் எல்லா இனத்துப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சின்ன வயதில் டர்பன் கிரே தெருப் பக்கத்துக் கொட்டகைகளில் எம்ஜிஆர், சிவாஜி படங்கள் பார்த்திருக்கிறார். 1939இல் விக்டோரியா தெருவில் தொடங்கிய அவலான் கொட்டகை அங்கேதான் இருந்தது. கடற்கரையில் சன்கோஸ்ட் சினிமா இருக்கிறதே, அது அந்தக் குழுமத்தின் வழிவந்ததுதான். இந்தியா 1946இல் இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்திய பிறகும் படங்கள் எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது என்பதால் சனிக்கிழமை பயாஸ்கோப்தான் எல்லாமே. "வசனம் புரியுமா ஆயா?" என்று கேட்டேன். பாதி புரியாதாம். பக்கத்தில் உட்கார்ந்த அக்கா காதில் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டே வருவாளாம். பின்னால் இருப்பவர்கள் உஸ் உஸ் என்பார்களாம். அந்த அக்கா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் வருகிறது, கண் தெரியவில்லை என்கிறார் ஆயா.

சன்கோஸ்ட்டில் பெரிய நட்சத்திரப் படம் வந்தால் ஒரு முறை போய், படத்தைவிட அரங்கத்தைப் பாருங்கள். நம்மைப் போல வந்தவர்கள் வசனத்துக்குச் சிரிப்போம். இங்கேயே பிறந்தவர்கள் ஒரு நொடி தள்ளி, வரியைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு இரண்டு அலையாக வரும். திரையில் 'அண்ணே' என்பது கீழே 'ப்ரோ' ஆகியிருக்கும். நான் அந்தக் குறும்படத்தில் இருந்த இடத்தில் அவர்கள் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் இருக்கிறார்கள்.

விழாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979இல், நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே தொடங்கியது. இப்போது குவாஸுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் கலை மையம் நடத்துகிறது. 2010 முதல் அதோடு சேர்த்து டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற சந்தையும் கூடுகிறது, இன்னும் எடுக்காத படங்களுக்குக் கூட்டாளி தேடுகிற இடம். பெரிய விழாக்களைப் போல இயக்குநர்களைச் சுற்றிக் காவலர் கூட்டம் இருக்காது. தேநீர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் படம் எடுத்தவராக இருக்கலாம். 'உங்களுக்கு ஊக்கம் தந்தது எது' என்று கேட்காதீர்கள், நூறு பேர் கேட்டிருப்பார்கள். 'அந்தக் கிழவி கதவைச் சாத்துவதை ஏன் வெளியே நின்று எடுத்தீர்கள்' என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். பல்கலைக்கழகத்து எலிசபெத் ஸ்னெடன் அரங்கில் வருகிற கூட்டம் வேறு, ஸுலு மக்கள் வாழும் குவாமாஷுப் புறநகரில் வருகிற கூட்டம் வேறு. முடிந்தால் ஒரு ஸுலுப் படத்தை குவாமாஷுவில் பாருங்கள். எங்கே மூச்சு இழுக்கிறார்கள் என்று அங்கே நன்றாகக் கேட்கும்.

2011 விழா 'ஒட்டெலோ பர்னிங்' படத்தோடு தொடங்கியது, சாரா பிளெச்சர் இயக்கியது. எண்பதுகளின் கடைசியில் டர்பனின் லமொன்ட்வில் புறநகர்ப் பையன்கள் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்கிற கதை. டர்பனில் புதிதாக வந்தவர் பார்க்க வேண்டியது. நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு நடக்கிற கடற்கரை ஒரு காலத்தில் நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது என்பதை அதற்கப்புறம் மறக்க முடியாது.

2013 விழாவின் தொடக்கம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜாமில் கூபெக்காவின் 'ஆஃப் குட் ரிப்போர்ட்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் முதல் நாள் திரையிட இருந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் மாணவி மேல் வெறிகொள்கிற கதை. தணிக்கை வாரியம், அந்தப் பாத்திரத்துக்குப் பதினாறு வயது, இது குழந்தைகளை ஆபாசமாகக் காட்டுவது என்று சான்று மறுத்தது. நடித்த பெண் இருபதைத் தாண்டியவர். விருந்தினரெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, படத்துக்குப் பதிலாக 'இதைத் திரையிட்டால் குற்றம்' என்ற அறிவிப்புதான் திரையில் வந்தது. மேல்முறையீட்டில் தடை நீங்கி, விழா முடிவதற்குள் காட்டினார்கள். இடைப்பட்ட நாட்களில் படத்தைப் பார்க்காமலேயே அத்தனை பேரும் கருத்துச் சொன்னார்கள், ஆதரவாகவும் எதிராகவும். நானும்தான் சொன்னேன். பார்க்காத படத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடத்தை நம் ஊர்க்காரருக்கு யாரும் இதுவரை கற்பிக்க முடியவில்லை, உங்களாலாவது முடிகிறதா பாருங்கள்.

எழுதும் விதம் பற்றி ஒன்றிரண்டு. கதைச் சுருக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். 'முதல் பாதி விறுவிறு, இரண்டாம் பாதி இழுவை' என்ற வாக்கியத்தை ஒரு வருஷத்துக்கு விரதமாக விட்டுவிடுங்கள். விழாப் படங்களுக்கு இடைவேளையே கிடையாது, பாதி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நட்சத்திரம் போடாதீர்கள். இருட்டில் நோட்டில் எழுதாதீர்கள், வெளியே வந்ததும் காருக்குப் போகிற வழியில் மூன்று விஷயம் கைபேசியில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள்: கண்ணில் நின்ற ஒரு படிமம், காதில் நின்ற ஒரு சத்தம், அரங்கம் அசைந்த ஓர் இடம். மூன்றாவதற்குக் காரணம் தெரியவில்லையென்றால் தெரிந்தவரிடம் கேட்காமல் எழுத உட்காராதீர்கள். வசனத்தைத் தமிழில் எடுத்துக்காட்டும்போது சப்டைட்டிலிலிருந்து பெயர்க்காமல், பாபாவைப் பாபாவாகவே விட்டுவிட்டு ஒரு முறை விளக்கிவிடுங்கள். நம் வாசகர் பிடித்துக்கொள்வார். இன்னொன்று, ஸுலுவையும் அதன் உறவு மொழியான ஹோசாவையும் குழப்பாதீர்கள். காது பழகும்வரை, படத்தின் மொழி என்னவென்று விழாக் கையேட்டில் பார்த்து உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். மலையாளப் படத்தைத் தமிழ்ப் படம் என்று எழுதினால் நாம் விடுவோமா?

கடைசியாக நீங்கள் கேட்ட போக்குவரத்து. இரவுக் காட்சி முடிந்தால் பஸ் கிடைப்பது கஷ்டம், புதிதாக வந்தவர் தனியாக நின்று டாக்ஸி தேட வேண்டாம். முதல் வருஷம் மதியக் காட்சிகளாகப் பார்த்து வையுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் தோழியும் காரில் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்புவோம், பின் சீட்டில் இடம் உண்டு. ஜூலைதானே, குளிர் என்ன செய்யும் என்று வந்துவிடாதீர்கள், அரங்கத்தில் ஏசி போடுவார்கள். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.